பந்தாடிய வைத்தியர்

ரிஷிவந்தியத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பத்தாம் வகுப்பை எட்டிய மாணவனுக்குப் பெற்றோர் முதலாவதாகச் செய்யும் உபகாரம், அவனது பந்தைப் பிடுங்கிப் பரண்மேல் வைப்பதேயாம். பள்ளிக்கூடங்களிலோ, விளையாட்டுக்கென ஒதுக்கிய பிரிவேளையைக் கணக்காசிரியர் கடனாக வாங்கிக்கொள்கின்றார். அக்கடன் திருப்பப்பட்டதாக யாம் கேட்டதில்லை. நீட் என்னும் தேர்வு வந்தபின் இவ்வழக்கம் சட்டம்போலவே நிலைத்துவிட்டது. பந்தும் படிப்பும் ஓருறையில் அடங்கா இருவாள்கள் என்னும் எண்ணமே இதற்கு மூலம். அவ்வெண்ணம் பிழையானதென்பது எமது துணிபு. அதற்குச் சான்றாக, நம் கலாசாலை நண்பர்களிற் பலர் பெயரும் கேட்டிராத ஒருவரை ஈண்டு அறிமுகப்படுத்துகின்றோம்.

நாகமலையிலுள்ள சாங்கி என்னும் ஊரில் 1918 ஆம் ஆண்டு பிறந்தவர் தாலிமெரென் ஆவோ. தந்தையார் கிறிஸ்தவ சபைப் போதகர். பன்னிரு மக்களைப் பெற்றவர். அக்குடும்பத்திற் செல்வம் இருந்திராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மகன் வைத்தியம் கற்று மலைமக்களுக்கு ஊழியஞ் செய்தல்வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகன் ஜோர்ஹாட்டில் மிஷன் பள்ளியிலும், கௌஹாத்தியில் காட்டன் கலாசாலையிலும் பயின்று, கல்கத்தாவிற் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியை அடைந்தார். பகலில் உடற்கூறு, மாலையில் மோகன் பகான் சங்கத்தின் பந்தாட்டம். எதிரியின் பந்தை வழிமறித்து நிற்கும் தடுப்பாட்டமே அவருடைய தொழில். தடுப்போன் புகழ்பெறுதல் அரிது; பந்தை வலைக்குள் இட்டவன் பெயரையே கூட்டம் கூவும். ஆயினும் அவரையே சங்கத்தார் தலைவராக்கினர்.

1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற சுதந்திர இந்தியாவின் பந்தாட்டக் குழுவுக்கும் அவரே தலைவர். தொடக்க விழாவில் நம் தேசக்கொடியைத் தாங்கிச் சென்றவரும் அவரே. ஜூலை 31 ஆம் நாள் பிரான்சு நாட்டாரை எதிர்த்து ஆடிய நம்மவரிற் பெரும்பாலோர் வெறுங்காலினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் இட்டார். நமக்குக் கிடைத்த பெனால்டி உதைகள் இரண்டும் வீணாயின. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டவர் சைலன் மன்னா என்னும் மற்றொரு தடுப்பாட்டக்காரர். ஆட்டம் முடியுந் தறுவாயிற் பிரான்சு இரண்டாவது கோலையிட்டு 2-1 என வென்றது. (அதே மன்னா 1951 இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டிற் குழுத்தலைவராக நின்று தங்கப்பதக்கம் கொணர்ந்தார், அது வேறு கதை.)

லண்டனிலுள்ள அர்செனல் சங்கத்தார் ஆவோவுக்கு ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்தனர் என்றும், படிப்பை முடித்தற்பொருட்டு அவர் அதனை மறுத்தார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகின்றது. இதனைக் கேட்டதும் நம் பெரியோர் சிலர், "பார்த்தீர்களா, படிப்பே பெரிதென்று பந்தைத் துறந்தார்!" என மகிழக்கூடும். அம்மகிழ்ச்சியில் எமக்கு உடன்பாடில்லை. பந்தை அற்பமென்று கருதியிருந்தால் அவர் லண்டனுக்கே சென்றிரார். 1942 இல் மருத்துவக் கல்லூரி புகுந்தவர் எம். பி., பி. எஸ். பட்டம் பெற்றது 1950 இல். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆட்டத்திற்காகச் சில ஆண்டுகளை அவர் செலவிட்டார் என்றே யாம் கொள்கின்றோம். அதனால் எந்த நோயாளிக்கு என்ன குறை வந்தது?

பட்டம் பெற்றவர் கல்கத்தாவில் தங்கிப் பொருளீட்டவில்லை. 1953 இற் கோஹிமா மருத்துவமனைக்கு உதவி வைத்தியராகச் சென்றார். சில ஆண்டுகளிற் கலகமும் படையும் அந்நாட்டில் மலிந்தன. அவர் மலையை விட்டு இறங்கவில்லை. 1963 இல் நாகாலாந்து தனிமாநிலமாயிற்று; அதன் சுகாதாரத்துறைக்கு அவர் இயக்குநராகி, 1978 இல் ஓய்வு பெற்றார். சுகாதாரத்துறையும் தடுப்பாட்டம் போன்றதே; வாராத நோய்க்கு எவரும் நன்றி கூறார். 1998 இற் காலமானார்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சி 2019 இல் தனிமாவட்டமாயிற்று. 2022 ஜனவரியிற் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 7.5 பங்கு 2020 முதல் ஒதுக்கப்பட்டுள்ளது. கல்வராயன் மலையிற் பிறந்த சிறுவன் வைத்தியனாவதற்கு வழி இன்று அடைபட்டதன்று. ஆயின் பட்டம் பெற்றபின் அவன் மீண்டும் வெள்ளிமலைக்கு ஏறுவானோ? அதற்குக் கூரிய மூளை மட்டும் போதாது. ஏற்றத்துக்கு அஞ்சாத காலும், தன் ஊர்த் தோழரை மறவாத நெஞ்சும் வேண்டும். இவ்விரண்டையும் மாலைநேரத்து மைதானம் தருவதுபோல் எந்தப் பயிற்சி வகுப்பும் தந்ததை யாம் கண்டதில்லை. எல்லாப் பந்தாட்டக்காரரும் ஆவோ ஆவர் என்று யாம் சொல்லவில்லை. நன்றாக ஆடியும் தேர்விற் தவறினோர் உளர். பந்தையே தொடாது தவறினோர் அவரினும் பலர் என்பதை மட்டும் பெற்றோர் எண்ணிப்பார்ப்பாராக.

தலைமையாசிரியர்களிடம் யாம் வேண்டுவது ஒன்றே. கணக்காசிரியர் வாங்கிய அந்தப் பிரிவேளையை இவ்வாண்டு முதல் திரும்பக் கொடுக்கச் செய்யுங்கள்; வட்டியை நாங்கள் கேட்கவில்லை.