பயிற்சியும் ஓய்வும்



அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்தில் ஷிப்டு முறையில் பணிபுரியும் ஓர் அன்பரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. கால்பந்தில் ஆர்வம் மிக்கவன். விடியுமுன் எழுந்து, மின்சார ரயிலேறிப் பயிற்சிக்குச் செல்கிறான். பின்னர் பள்ளி; மாலையில் டியூஷன்; ஞாயிறன்று போட்டி. "நான் வேலைக்குப் புறப்படும்போது அவன் உறங்குகிறான், அவன் புறப்படும்போது நான் உறங்குகிறேன்" என்றார் தந்தை. தாய்க்கோ வேறொரு கவலை. "குதிகால் வலிக்கிறது என்கிறான், சார். மைதானத்திற்குப் போகும்போது மட்டும் வலிக்குமா? சோம்பல்தான்!"

அது சோம்பலன்று. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள, ஓடியாடும் பிள்ளைகளுக்கு இவ்வலி வருவதுண்டு. குதிகால் எலும்பின் பின்புறத்தில் வளர்ச்சி நடைபெறும் பகுதி அவ்வயதில் இன்னும் மென்மையாகவே இருக்கிறது. ஓட்டமும் தாவலும் இடைவிடாது நிகழும்போது, கெண்டைக்காலின் தசைநார் அதை ஓயாமல் இழுத்துப் புண்படுத்துகிறது. மைதானத்தில் மட்டும் வலிப்பதன் காரணம் இதுவே. மருத்துவரும் இதையே கூறி, சில வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். மகனைச் சோம்பேறி என்று ஏசிய தாய் கண் கலங்கினார்.

தொடர்ந்த பயிற்சி வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். நாள்தோறும் பலகையின்முன் அமராமல் அவ்வெற்றி கிட்டியிராது. ஆனால் அவருக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய தந்தையே. அங்கே பயிற்சி குடும்பத்தைப் பிரிக்கவில்லை. சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் அன்னை, மகன் ஆடச் செல்லும் அயல்நாடுகளுக்கெல்லாம் உடன் சென்று, வீட்டுச் சமையலையே அவருக்குச் சமைத்துக் கொடுத்து வந்ததையும் நாம் அறிவோம். ஆட்டம் பயில்வது பிள்ளையின் கடமை. அவன் இளைப்பாற இல்லம் அமைப்பது நம் கடமை.

உடல் வலுப்பெறுவது உழைக்கும் வேளையில் மட்டுமன்று. உழைத்தபின் ஓயும் வேளையிலும்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், வாரத்தில் ஓரிரு நாட்களும், ஆண்டில் ஒவ்வொரு மாதமாக மொத்தம் மூன்று மாதங்களும் அவ்விளையாட்டிலிருந்து பிள்ளைக்கு விடுமுறை அளிக்கும்படி கூறுகிறது. வாரப் பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டலாகாது என்பது மருத்துவர் பலர் கூறும் எளிய அளவு: பன்னிரண்டு வயதென்றால் பன்னிரண்டு மணி. உறக்கம் பன்னிரண்டு வயது வரை 9 மணிக்கும், அதற்குமேல் பதினெட்டு வரை 8 மணிக்கும் குறையலாகாது. விடியற்காலையில் எழவேண்டிய பிள்ளையை இரவு பத்து மணிக்குமேல் புத்தகத்தின்முன் அமர்த்துவது எவ்வகையில் நியாயம்?

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், மனமும் உடலும் இசையவில்லை என்று கூறி, குழு இறுதிப் போட்டியினின்று நடுவில் விலகினார் சீமோன் பைல்ஸ். பலர் தூற்றினர். அவரே 2024இல் பாரிசில் மூன்று தங்கம் வென்றார். ஓய்வு தோல்வியன்று.

ஆகவே பெற்றோரே, வாரத்தில் ஒரு நாளைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். ஞாயிறு கிட்டுமானால் நன்று. திருப்பலிக்கும் குடும்பம் ஒன்றாகச் செல்லலாம். ஞாயிறன்று தந்தைக்கு வேலையிருந்தால், அவருடைய வார விடுப்பு நாளின் மாலையாவது பிள்ளைக்குரியதாகட்டும். அன்று உணவு வேளையில் கோல் கணக்கைக் கேளாதீர்கள். வலி என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று மறைநூல் சொல்லும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஓய்வு எதற்கு என்று கேட்க நாம் யார்?

அச்சிறுவன் இப்போது மீண்டும் ஆடுகிறான். வாரத்தில் ஒரு மாலை, தந்தையும் மகனும் பந்தில்லாமல் பேசிக்கொண்டே நடந்து செல்வதைத் தெருவார் காண்கின்றனர்.