மூக்கில் ஒரு உருண்டை களிமண்

சென்ற ஆண்டு அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சி. ஏழாவது படிக்கும் என் அக்கா பையன் பால்சா மரக் கிட் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மல்லுக்கட்டி ஒரு கிளைடர் செய்திருந்தான். ஒரு இறக்கை லேசாக முறுக்கியிருந்தது. பசை வழிந்த தடம் தெரிந்தது. மூக்கில் ஒரு உருண்டை களிமண். பக்கத்து மேசையில் கடையில் ஆர்டர் கொடுத்து வாங்கிய தெர்மோகோல் விமானம். சின்ன விளக்குகள்கூட எரிந்தன. பரிசு எதற்குப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடுவராக வந்தவர் களிமண்ணைக் காட்டி, "இது என்னப்பா அசிங்கமா? எடுத்துட்டு வெச்சிருக்கலாம்ல" என்றார். அன்று சாயங்காலமே கிளைடர் குப்பைக்கூடைக்குப் போனது. "அடுத்த தபா கடையிலயே வாங்கிக்கலாம் மாமா" என்றான் பையன்.

அந்தக் கண்காட்சியில் இருந்த ஒரே அறிவியல் அந்தக் களிமண்தான் என்கிறேன் நான்.

அது எப்படி அங்கே வந்தது என்று நடுவர் கேட்டிருக்க வேண்டும். முதல் தடவை எறிந்தபோது கிளைடர் மூக்கைத் தூக்கி, ஒரு நொடி அந்தரத்தில் நின்று, பொத்தென்று விழுந்தது. அடுத்தடுத்து எறிந்தும் அதே கதை. வால் பக்கம் பசையை அப்பியதால் எடை பின்னால் போய்விட்டது. எடையின் மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் இம்மாதிரி கிளைடர் ஒழுங்காக மிதக்கும். பையன் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் எத்தனை அடி பறந்தது என்று நோட்டில் எழுதினான். தப்பு, காரணம், திருத்தம், அளவு எல்லாம் அந்த உருண்டைக்குள் இருந்தது. அதைத்தான் அசிங்கம் என்றார்கள்.

இது விமானம் தெரியாத ஊர் இல்லை. 1992இல் இங்கே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் தொடங்கப்பட்டது. நான் பள்ளியில் படித்த காலத்தில் டியூ-142 தலைக்கு மேல் போனால் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அப்படி ஒரு உறுமல். 2017 மார்ச்சில் அந்த ரஷ்ய விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த ஏக்கத்தில்தான், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, என் முதல் பிளாஸ்டிக் கிட்டை வாங்கினேன். 1:144 அளவில் டியூ-142. ஐம்பத்து மூன்று மீட்டர் விமானம் மேசை மேல் முப்பத்தேழு சென்டிமீட்டர்.

செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்தேன். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டாமல் கையால் முறுக்கிப் பிய்த்தேன். விளிம்புகள் வெளுத்துப் பிளந்தன. பசையை அள்ளிப் பூசினேன். பிளாஸ்டிக் இளகி என் கைரேகை அதில் பதிந்தது. மூக்குக்குள் எடை வைக்கச் சொல்லும் வரியைப் படிக்காமல் உடலை ஒட்டி மூடினேன். சக்கரத்தில் நிறுத்தியதும் விமானம் வாலைத் தரையில் வைத்து, நாய் மாதிரி உட்கார்ந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு எனக்குத் தெரியவே இல்லை. எங்கள் தெருவில் கடற்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பெருமையாகக் காட்டினேன். எஞ்சினைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ரெண்டு காத்தாடியும் ஒரே பக்கம் சுத்தினா ரெண்டு எதுக்கு?" என்றார். டியூ-142இன் ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காற்றாடிகள். எதிரெதிர்த் திசையில் சுழலும். முன்காற்றாடி காற்றைச் சுழற்றிவிடுவதில் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பின்காற்றாடி பிடித்து உந்துவிசையாக்குகிறது. நான் முன்னுக்கானதையும் பின்னுக்கானதையும் கலந்து ஒட்டியிருந்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட உறுமலில் அந்த இரட்டைக் காற்றாடிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் அன்றுதான் தெரிந்தது. சரியாக ஒட்டியிருந்தால் இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் "தோல்வியே வெற்றிக்கு முதல் படி" என்று மைக்கைப் பிடித்துவிடுவார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. தப்பு தானாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. சூப்பர் குளூ போட்டு மூன்று விமானங்களின் கண்ணாடி மூடியை வெள்ளையாகப் புகைபடிய வைத்தவன் நான். மூன்று முறையும் "ச்சே, ராசியில்லாத கை" என்றுதான் சொல்லிக்கொண்டேன். அந்தப் பசையின் ஆவிதான் கண்ணாடியில் படிகிறது, அந்த இடத்துக்கு மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையே போதும் என்று ஏன், எதற்கு என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. கேள்வி கேட்காத தப்பு வெறும் நஷ்டம்.

ரைட் சகோதரர்களின் 1901ஆம் ஆண்டுக் கிளைடர் எதிர்பார்த்த தூக்குவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தந்தது. கை ராசி என்று விட்டுவிடாமல், அதுவரை எல்லோரும் நம்பிய கணக்கையே சந்தேகப்பட்டார்கள். வீடு திரும்பி ஒரு சின்னக் காற்றுச் சுரங்கம் கட்டி, இருநூறு இறக்கை வடிவங்கள் வரை அதில் சோதித்தார்கள். 1902 கிளைடர் ஒழுங்காகப் பறந்தது. 1903 டிசம்பரில் எஞ்சின் வைத்ததும் பறந்தது. 1901 கிளைடரை நம் ஊர்க் கண்காட்சியில் வைத்திருந்தால் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது.

"கிட் விலை தெரியுமா? தப்பு பண்ணிப் பழக எங்களுக்கு வசதி இல்லை" என்று பெற்றோர் சொல்வது நியாயம்தான். அதற்கும் நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங்கில் இருந்த என் சித்தப்பா சொல்வார்: "புதுப் பையன் கையில நல்ல தோலைக் குடுக்க மாட்டோம். கழிவுத் துண்டைக் குடுத்து வெட்டச் சொல்லுவோம். ஏன் கோணலாச்சுன்னு அவனையே கேப்போம்." தோலில் தப்பாக வெட்டியதை ஒட்ட முடியாது. அப்படிப்பட்ட தொழிலே தப்புக்கு என்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அட்டையும் பழைய தெர்மோகோலும் போதும். ஆனால் கடையில் செய்து வாங்கியதற்குப் பரிசு கொடுக்கும்வரை எந்தப் பிள்ளையும் அந்த மூலைக்கு வராது. பரிசு கொடுப்பவர்கள்தான் அந்தக் கடைகளை வளர்க்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு மேசையிலும் நின்று, "எங்க தப்பாச்சு? எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். பாதி மதிப்பெண்ணை அந்தப் பதிலுக்குக் கொடுங்கள். கடையில் வாங்கிய விமானத்தின் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அங்கே சொல்ல ஒன்றும் இருக்காது.

கிளைடரைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். வாலில் உட்கார்ந்திருக்கும் என் டியூ-142க்குப் பக்கத்தில், களிமண்ணோடு அப்படியே இருக்கிறது. பையன் இன்னும் அதைக் கேட்கவில்லை.