குடல் தழும்பு காத்திருக்காது

பென்னாகரத்திலோ அரூரிலோ ஒருவருக்கு மாதக்கணக்கில் வயிற்றுவலி, பேதி, லேசான காய்ச்சல், எடைக்குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு முதலில் வரும் சந்தேகம் குடல் காசநோய். நியாயமான சந்தேகம்தான். ஆனால் கிரோன் நோய் என்ற குடல் அழற்சி நோய்க்கும் இதே அறிகுறிகள்தான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் இரண்டும் பெரும்பாலும் புண்ணை உண்டாக்கும். திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பல சமயம் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் சந்தேகமான கேஸ்களில் காசநோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது இந்தியாவில் வழக்கம். இதில் தவறில்லை. காசநோய் இருப்பவருக்குக் கிரோன் மருந்தைக் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி குறைந்து காசநோய் பரவிவிடலாம். கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாள் கொடுத்துப் பார்ப்பது?

நாள்கணக்கு ஏன் முக்கியம்? குடலை ஒரு சுவராக நினைத்தால் செல்கள்தான் செங்கல். இடையில் இருக்கும் சாந்துக்கு எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்று பெயர். கொலாஜன், ஃபைப்ரோனெக்டின், லேமினின் போன்ற புரதங்கள் அதில் இருக்கின்றன. ஆரோக்கியமான குடலில் பழைய கொலாஜனை எம்.எம்.பி. என்ற என்சைம்கள் அறுக்கும், புதியது உருவாகும். அழற்சி நீடித்தால் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. ஒரு பக்கம் என்சைம்கள் அளவுமீறி அறுத்துப் புண்ணாக்குகின்றன. மறுபக்கம் டி.ஜி.எஃப்.-பீட்டா தூண்டுவதால் கொலாஜன் குவிகிறது. சுவர் தடித்து விறைக்கிறது, பாதை சுருங்குகிறது. விறைத்த சுவரே பக்கத்துச் செல்களை மேலும் கொலாஜன் சுரக்கத் தூண்டுகிறது என்பதுதான் இதில் கொடுமை!

அழற்சியைக் குறைக்க இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள் உண்டு. தழும்பைக் கரைக்க இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. பலூன் வைத்து விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வும் இதையே எச்சரிக்கிறது. முதலில் காசநோய் மருந்து சாப்பிட்ட கிரோன் நோயாளிகளுக்குக் குடல் சுருக்கம் அதிகமாக வந்திருக்கிறது.

தீர்வு ஒன்றும் பெரிய விஷயமில்லை. மருந்து தொடங்கி இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டும். புண் ஆறியிருந்தால் பெரும்பாலும் காசநோய்தான், முழு கோர்ஸையும் முடிக்க வேண்டும். ஆறவில்லை என்றால் அது கிரோனா, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயா என்று உடனே பார்க்க வேண்டும். நோயாளி தானாக மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

சொல்வது சுலபம். தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் சிக்கலான கேஸ் என்றால் சேலத்துக்கோ வேலூருக்கோ பஸ் ஏறுபவர்கள் நிறைய. கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். வலி கொஞ்சம் குறைந்தாலே "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத்தான் தோன்றும். அதனால் முதல் மாத்திரை கொடுக்கும் அன்றே அடுத்த கொலனோஸ்கோப்பி தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் புது மருந்தோ பெரிய மெஷினோ வேண்டாம், ஒரு பேனா போதும்.