ஆபீஸ் வேலரண்ட் மேட்ச்சுக்குக் காசு வசூலிக்கலாமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி. ஹிஞ்சேவாடியில் ஷிஃப்ட் முடிந்து, டீமுக்கு ஐந்து பேராக வேலரண்ட் மேட்ச் போடுகிறீர்கள். 'ஆளுக்கு 200 ரூபாய் போடுவோம், ஜெயிக்கிற டீம் மொத்தம் 2,000 ரூபாயையும் எடுத்துக்கட்டும்' என்கிறார் ஒருவர். கொஞ்சம் பொறுங்க!

2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடமில்லை. இ-ஸ்போர்ட்ஸுக்கு விலக்கு உண்டு. அங்கே நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை இரண்டும் இருக்கலாம். ஆனால் அதற்கு முறையான அங்கீகாரமும் பதிவும் வேண்டும். பந்தயம் கூடவே கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்பாடு செய்யும் மேட்ச்சுக்கு அதெல்லாம் ஏது?

சிக்கல் யாருக்கு? ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வசூல் உங்கள் யுபிஐ-க்கு வந்திருந்தால், நடத்தியவர் நீங்கள் என்பதற்கு அதுவே ஆதாரமாகலாம்.

'ஆபீஸ் பசங்க மேட்ச்சுக்கெல்லாம் போலீஸ் வருமா?' வராமலும் போகலாம். ஆனால் அந்த 2,000 ரூபாய்க்காக எதற்கு இந்த ரிஸ்க்? ஒரு கோப்பை வையுங்கள். ஆடி முடித்ததும் எல்லோருமாக மிசல் சாப்பிட்டு, பில்லைச் சரிசமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.