முத்திரையில்லாத பவுண்

கற்பிட்டிக் கடலில் தங்கம் பிடிபட்ட செய்தி நமக்குப் புதிதல்ல. கடற்படை படகை மறிக்கும், கட்டிகள் சிக்கும், நிறையும் பெறுமதியும் உடனே பத்திரிகைக்கு வந்துவிடும். அதே கரையில், குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பெண்ணின் காதில் கிடக்கும் அரைப் பவுண் தோட்டில் உண்மையில் எவ்வளவு தங்கம் என்று கேட்டால், விற்ற கடைக்காரரின் வாய்ச்சொல்லே பெரும்பாலும் பதில்.

தூய தங்கம் 24 கரட். 22 கரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மிச்சம் செம்பும் வெள்ளியும். 21 கரட்டில் 875, 18 கரட்டில் 750. எட்டுக் கிராம் பவுண் 22 கரட்டானால் அதில் தூய தங்கம் 7.33 கிராம், 20 கரட்டானால் 6.67 கிராம். 22 என்று சொல்லி 20 கரட்டில் ஐந்து பவுண் மாலையைக் கட்டிக்கொடுத்தால், வாங்கியவர் இழப்பது 3.3 கிராம். அரைப் பவுணுக்குச் சற்றுத்தான் குறைவு.

கரட் குறைவது குற்றமல்ல. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவரும் 21 கரட் வளையலில் 875 என்று பொறித்திருக்கும். அதில் ஏமாற்று இல்லை. கல் பதிக்க 18 கரட்தான் உறுதி. பலேடியமோ நிக்கலோ கலந்து ரோடியம் பூசிய வெள்ளைத் தங்கத்தையும் தாராளமாக விற்கலாம், பிளாட்டினம் என்று சொல்லாதவரை. வெள்ளிக் கொலுசில் 925 பங்கு வெள்ளி இல்லாவிட்டாலும், இல்லை என்று சொல்லி விற்றால் யாருக்கும் வழக்கில்லை. சொன்னது ஒன்றும் கொடுத்தது ஒன்றுமாக இருப்பதே களவு.

அந்தக் களவு வாங்கும் நாளில் வெளிப்படுவதில்லை. தென்மேற்குக் காற்றில் கடல் குழம்பித் தொழில் படுக்கும் மாதங்களில், அடகுக் கவுண்டரில் உரைகல்லில் உரைக்கும்போதுதான் வெளிப்படும். அதற்குள் பற்றுச்சீட்டு தொலைந்திருக்கும். இருந்தாலும் அதில் கரட் எழுதியிருக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, நகைகளையும் பறிகொடுத்து இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்த குடும்பங்கள் பின்னர் குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்த பவுணும் இதில் உண்டு.

1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை நமக்கு இருக்கிறது. தங்கத்தைச் சோதித்து முத்திரையிடும் வசதியும் அதனிடம் உண்டு. ஆனால் குறிஞ்சிப்பிட்டிக்காரர் ஒரு சோடித் தோட்டைச் சோதிக்கக் கொழும்புக்குப் போவாரா? பஸ் காசும் ஒரு நாள் உழைப்பும் யார் தருவது? விற்கும் முன்னரே முத்திரை இருக்க வேண்டும். அதைக் குத்துவதும் விற்பவராக இருக்கக் கூடாது.

இந்தியா 2021 ஜூன் 16 முதல் இதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகையிலும் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி வேண்டும். கைபேசிச் செயலியில் அதை அடித்தால் விவரம் வரும். 2022இல் அங்கே முத்திரைக் கட்டணம் நகைக்கு 45 இந்திய ரூபாய். இதனால் நகைத்தொழில் அழிந்துவிடும் என்று இங்கே சொல்பவர்கள் அந்தத் தொகையைக் கவனிக்கட்டும்.

ஆனாலும் இந்தியாவை அப்படியே பார்த்து எழுதக் கூடாது. அங்கே ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய்க்குள் உள்ள கடைகளுக்கும், 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும் விலக்கு உண்டு. சின்னக் கடையில் மூக்குத்தி வாங்குபவர் யார்? ஏழைதான். பணக்காரரின் ஆரத்துக்குக் காவல், ஏழையின் மூக்குத்திக்கு இல்லை என்ற சட்டம் நமக்கு வேண்டாம். சிறு பொற்கொல்லர்களுக்குச் சுமை என்றால் அவர்களின் முத்திரைக் கட்டணத்தை அரசு ஏற்கட்டும்.

முத்திரை நிலையம் புத்தளம் நகரிலும் வேண்டும். அங்கே மேற்பரப்பை மட்டும் வாசிக்கும் கதிர் இயந்திரத்தோடு நிற்காமல், சந்தேகம் வந்தால் உருக்கிப் பார்க்கும் வழியும் இருக்க வேண்டும். தடித்த முலாம் இயந்திரத்தை ஏய்த்துவிடும். கரட், கல்லும் அரக்கும் நீங்கிய தங்க நிறை, செய்கூலி, சேதாரம் ஆகிய நான்கும் பற்றுச்சீட்டில் தனித்தனியே எழுதப்படுவதைக் கட்டாயமாக்கவும் வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டப்படி இப்போதே வியாபாரியின் கடமை. தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.