வரவேற்பறையில் ஒரு விரால்

அசாமில் 'செங்' என்றால் குழம்புக்கான மீன். விரால் இனம்தான், மழைக்கால வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் அகப்படும். அந்தக் குடும்பத்தில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒன்றுக்கு மட்டும் யோகம் வேறு. நீலச் சாயலில் துடுப்புகள், உடம்பெங்கும் ஆரஞ்சுத் தீற்றல்கள். வானவில் விரால் என்பார்கள். சன்னா பிளெஹரி என்ற அறிவியல் பெயர் 1991இல்தான் வந்தது. இன்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதற்குக் கண்ணாடித் தொட்டி வாசம்.

வளர்ப்பவர்கள் மயங்குவது நிறத்துக்கு மட்டுமல்ல. தங்க மீன் ஓயாமல் சுற்றும். இதுவோ ஓரமாக நின்று ஆளை அளவெடுக்கும். இரை போடும் ஆள் வந்தால் முன்னால் வந்து நிற்கும். 

ஆனால் கறாரான விருந்தாளி. செவுள் மட்டும் இதற்குப் போதாது. மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். எனவே தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும்; ஒயர் நுழையும் சந்து போதும், காலையில் தரையில் கிடக்கும். ஹீட்டர் போட்டு ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக வைப்பது இன்னொரு தவறு. அசாமின் குளிர்காலத்தில் ஓய்ந்து கிடந்து பழகிய உடம்பு அது. உயிர் மீனைத்தான் இரையாகப் போட வேண்டும் என்பதும் இல்லை. மண்புழுவும் இறாலும் தாராளம். வேட்டையைப் பார்க்கும் ஆசை பெரும்பாலும் உரிமையாளருக்குத்தான்.

சிக்கல், பெரிய இனங்களை அறியாமல் வாங்குபவர்களுக்கு. தென்கிழக்கு ஆசியாவின் ராட்சத விரால் குஞ்சாக இருக்கும்போது விரல் நீளம், செக்கச்செவேல் என்று கொள்ளை அழகு. வளர்ந்தால் ஒரு மீட்டர். சிவப்பும் போய்விடும், வீட்டில் இடமும் போய்விடும். பிறகு குளம்தான் கதி என்று நினைக்கிறார்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் கிராஃப்டன் என்ற ஊரில் நடந்தது அதுதான். நோயுற்ற சகோதரிக்கு சூப் வைக்க ஒருவர் நியூயார்க் சந்தையிலிருந்து இரண்டு சீன விரால்களை உயிரோடு வரவழைத்தார். அதற்குள் சகோதரி தேறிவிட, மீன்கள் தொட்டிக்குப் போயின, பெரிதானதும் குளத்துக்கு. 2002இல் அந்தக் குளத்தில் விஷம் கலந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் செத்து மிதந்தன. அதே ஆண்டு அமெரிக்கா உயிருள்ள விரால் இறக்குமதியைத் தடை செய்தது. 2004இல் பொட்டோமாக் நதியில் அதே இனம் தலைகாட்டியது. இது வேறு யாரோ விட்டது. நதிக்கு விஷம் வைக்க முடியுமா? இப்போது தூண்டில்காரர்கள் அதைப் பிடித்துப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள்.