எழுதி வைத்தது எங்கே?

“எங்கேயோ எழுதி வைத்தேனே!” நம் வீடுகளில் இந்த வரி ஒலிக்காத வாரமே இல்லை. முன்பு நாட்காட்டி ஓரத்திலும் மளிகைக் கடை ரசீதின் பின்பக்கத்திலும் தேடினோம். இப்போது கைப்பேசியில் தேடுகிறோம். அப்போதாவது கிடைத்துக்கொண்டிருந்தது!

பாச்சாங்கில் உள்ள என் சித்தியின் கைப்பேசியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்ன மருந்து ரசத்தின் செய்முறை புலனத்தில், தனக்குத்தானே அனுப்பிய செய்தியாக இருக்கிறது. சித்தப்பாவின் இபிஎஃப் எண் ஒரு புகைப்படத்தில். குடும்பம் இருந்த தோட்டத்தின் பெயரும் எந்த வருடம் அங்கிருந்து வெளியேறினார்கள் என்பதும் பாட்டியின் குரல் பதிவில். எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன. வேண்டும்போது ஒன்றும் வராது.

இதில் மலேசியத் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் மூன்று மொழிகளில் நினைக்கிறோம். ஒரே பத்திரத்தை ஒரு நாள் ‘சூராட் பெரானாக்’ என்று மலாயில் எழுதுவோம், மறுநாள் ‘பர்த் செர்ட்’ என்று ஆங்கிலத்தில், இன்னொரு நாள் ‘பிறப்புப் பத்திரம்’ என்று தமிழில். ‘ரசம்’ என்பதை ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டுவோம். தேடும் இயந்திரத்துக்கு இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள். அதனால் குறிப்பின் முதல் வரியிலேயே மூன்று மொழிச் சொற்களையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பத்து வினாடி வேலை. எத்தனை விலை கொடுத்து வாங்கிய செயலியும் இந்த அளவுக்கு உதவாது.

வானொலியில் ஒலிக்கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் போடுவோம். பிறகு பேசியவர் யார், எதைப் பற்றி. ஆண்டு முன்னால் இருந்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நின்றுகொள்ளும். வீட்டுக் குறிப்புக்கும் இதுவே போதும். ‘யார் சொன்னது’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டி சொன்ன தகவலுக்கும் குடும்பக் குழுவில் யாரோ பகிர்ந்ததற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

குறிப்பெடுப்பதில் உலகமே வியக்கும் ஒருவர் ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். 1998இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற மரப்பெட்டிகளில் சுமார் 90,000 காகிதத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு துண்டில் இன்னொரு துண்டின் எண்ணைக் குறித்து வைப்பார், அவ்வளவுதான் அவருடைய தொழில்நுட்பம். இன்றைய இளைஞர்கள் கொண்டாடும் ‘அப்சிடியன்’ போன்ற செயலிகள் அதையே திரையில் செய்கின்றன. ஆனால் இணையத்தில் சிலர் குறிப்பு எழுதுவதைவிட அதற்கு வண்ணம் பூசுவதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். அந்த விளையாட்டு நமக்கு வேண்டாம்.

செயலி எதுவானாலும் சரி, உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். எவர்நோட்டை நம்பிப் பல வருடக் குறிப்புகளைச் சேர்த்தவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் அதன் இலவசக் கணக்கு 50 குறிப்புகளோடு நிறுத்தப்பட்டது. பழையவற்றைத் திறக்கலாம், எடுக்கலாம்; புதிதாக எழுத வேண்டுமென்றால் பணம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பழைய காயம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகக் கணினியில் தமிழ் எழுதப் பழகிய தலைமுறை நம்முடையது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. இன்றைய கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் பல நேரம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். கோயில் மலர், பள்ளி நாடகம், கல்யாண அழைப்பிதழ் என்று எத்தனையோ இப்படிக் கிடக்கின்றன. யாரும் அழித்துவிடாதீர்கள்! எழுத்துருவின் பெயர் தெரிந்தால் என்எச்எம் மாற்றி போன்ற கருவிகள் அவற்றை யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். தமிழ்நாடு அரசே 2010இல்தான் யுனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் சேமித்தவற்றை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பலர் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. அப்பா போன பிறகு அவர் கைப்பேசியைத் திறக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டு நிலப் பட்டா எங்கே, காப்புறுதி எந்த நிறுவனத்தில், சீட்டுப் பணம் யாரிடம், எல்லாம் அந்தப் பூட்டுக்குள். கூகுள் கணக்கு இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் அதில் உள்ளவை அழிக்கப்படலாம். அதே கூகுளின் அமைப்புகளில் ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது மூன்று மாதம் கணக்கு அசையாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போதே சொல்லி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். ஆப்பிள் கைப்பேசியிலும் இதுபோல் மரபுத் தொடர்பு என்ற வசதி உண்டு.

கடவுச்சொல்லையும் வங்கி எண்ணையும் மட்டும் சாதாரணக் குறிப்பில் எழுதாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. கைப்பேசியின் கடவு எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சாமி மேடை இழுப்பறையானாலும் சரி, அது எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.